உம் கொட்டும் ஊர்

மாசி மாதத்துச் சனிக்கிழமை மாலை. கோவை அவிநாசி சாலையை ஒட்டிய சின்ன அரங்கு ஒன்றில் நூறு பேருக்குக் கொஞ்சம் குறைவாக உட்கார்ந்திருந்தோம். ஊர் வரலாற்றைக் கதையாகச் சொல்லும் கூட்டம் அது. அன்றைக்கு எடுத்துக்கொண்டது சின்னியம்பாளையம் தியாகிகளின் கதை. ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் என்ற நான்கு மில் தொழிலாளர்கள், 1946 ஜனவரி 8ஆம் தேதி கோவை மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டவர்கள்.

பேச்சாளர் நன்றாகவே சொன்னார். 1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்ததில் தொடங்கி, பைக்காரா மின்சாரம் வந்தபின் 1930களில் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் மில்கள் பெருகியது, சங்கம் கட்டியது, வழக்கு, கருணை மனு என்று படிப்படியாகக் கொண்டுபோனார். கேட்டவர்கள் அசையவில்லை. குளிரூட்டியின் இரைச்சலும் அவர் குரலும் மட்டும்தான். முடிந்ததும் கைதட்டினோம். நிகழ்ச்சியை நடத்தியவர், நேரம் குறைவாக இருப்பதால் கேள்வி மட்டும் கேளுங்கள், சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

நான்காவது வரிசையிலிருந்து வேட்டி கட்டிய ஒரு பெரியவர் மைக்கை வாங்கினார். எழுபத்தைந்து வயது இருக்கும்.

"கேள்வியில்லீங். வருசா வருசம் தை மாசம் பொறக்கறதுக்கு முன்னால ஒரு நாள் எங்கூட்டுல அடுப்புப் பத்தவெக்க மாட்டாங்க. எங்கப்பாரு மில்லுக்குப் போனவரு. எதுக்குன்னு கேட்டா ஆத்தா பேசாது. அது எந்த நாளு, எதுக்குன்னு எனக்கு இன்னைக்குத்தானுங் தெரிஞ்சுது."

சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அரங்கம் முழுக்க, யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒரே நேரத்தில் ஓர் ஒலி எழும்பியது. வாய் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே எழும் ஒலி. உம். கைதட்டலை விட்டுவிட்டால், ஒன்றேகால் மணி நேரத்தில் அந்தக் கூட்டத்திடமிருந்து வந்த முதல் சத்தம் அது. பேச்சாளர் குனிந்து தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

அந்த ஒலி எனக்குப் பழக்கமானது. தாராபுரத்துப் பக்கம் தோட்டத்துச் சாளையில் அம்மிச்சி கதை சொல்லும்போது, வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி நாங்கள் உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். "தூங்கிட்டீங்களா, சாமி?" என்பாள். இல்லை என்றால், "அப்ப உம் கொட்டு, நானொருத்தியேவா கதைக்குள்ள போறது?" என்பாள். தனியாகப் போக அம்மிச்சிக்குப் பயம் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன். மறுநாள் தொடங்கிய பயணத்தில் அந்த வார்த்தை திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

கொங்கு நாட்டின் பெருங்கதை அண்ணன்மார் சுவாமி கதை. பொன்னர், சங்கர், தங்கை அருக்காணித் தங்காள். அந்தக் கதையை இன்றும் உடுக்கையடித்து இரவிரவாகப் பாடுகிறார்கள். அரங்கத்தில் வரலாறு கேட்கிறவர்களையும், களத்துமேட்டில் கதை கேட்கிறவர்களையும் ஒரே வாரத்தில் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம். மறுநாள் காலை சிங்காநல்லூரில் பஸ் ஏறினேன்.

திருச்சி சாலையில் சூலூர் தாண்டிப் பல்லடம் வரைக்கும் ஊர் முடிவதே இல்லை. விசைத்தறிக் கொட்டகைகளின் சத்தம் பஸ்ஸுக்குள்ளும் கேட்கும். பல்லடம் கழிந்த பிறகுதான் வானம் அகலமாகிறது. காங்கயம் நெருங்கினால் கொப்பரை காயப்போட்ட களங்கள், வெயிலில் தேங்காய் எண்ணெய் வாசம். அதற்கும் கிழக்கே கொறங்காடு. கிளுவை வேலி போட்டு அடைத்த மேய்ச்சல் நிலத்துக்கு இங்கே அதுதான் பேர். கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், நிழலில் அசைபோடும் காங்கயம் மாடுகள். மழை குறைந்த மண்ணில் மாட்டை வைத்துப் பிழைத்த சனம் கண்டுபிடித்த நில ஏற்பாடு. அண்ணன்மாரின் தந்தை குன்னுடையாக் கவுண்டர் சிறுவனாக மாடு மேய்த்த காட்சியைப் பாட்டுக்காரர் பாடும்போது, கேட்கிறவர்கள் கண்ணுக்குள் வருவது இந்த வேலியும் இந்தப் புல்லும்தான். கதைக்கு வேறு அரங்கப் பொருள் தேவைப்படவில்லை.

காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடையே, சித்திரை மாட்டுச் சந்தைக்குப் பேர்போன கண்ணபுரத்துக்குப் பக்கத்தில் ஓலப்பாளையம் இருக்கிறது. சின்ன ஊர். வாய்மொழிக் கதை படிக்கிறவர்களுக்கு உலகத்தின் பல மூலைகளில் இந்த ஊரின் பேர் தெரியும். பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர் 1960களின் நடுவில் இங்கே வந்து தங்கினார். 1965இல் உள்ளூர்ப் பாட்டுக்காரர்கள் பதினெட்டு இரவுகள் பாடிய அண்ணன்மார் கதையை முழுசாக ஒலிநாடாவில் பதிவு செய்தார். முப்பது மணி நேரத்துக்கும் மேலான பாட்டு. அதைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு நூல் 1982இல் வந்தது. தமிழ்ப் பாட்டும் ஆங்கில மொழிபெயர்ப்புமாக இரண்டு தொகுதிகளைச் சென்னை ஆசியவியல் நிறுவனம் 1992இல் வெளியிட்டது. பிற்பாடு அதே கதையை 26 பகுதிகள் கொண்ட அசைவூட்டத் தொடராகவும் அவர் ஆக்கினார். இந்த வெளியீடுகளுக்கெல்லாம் முன்னால், 1971இலேயே கவிஞர் சக்திக்கனல் ஏட்டுச்சுவடியிலிருந்து இந்தக் கதையைப் பதிப்பித்துவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம்மவர் செய்த வேலை பல நேரம் இரண்டாவதாகத்தான் நினைக்கப்படுகிறது.

பெக் செய்ததில் என்னை இங்கே இழுத்துவந்தது வேறொரு சங்கதி. ஊர் கூடிக் கேட்க ஒரு பாட்டுக்காரர் பாடியதையும், பிறகு அதே பாட்டுக்காரர் கூட்டமில்லாமல் எழுதிக்கொள்வதற்காகச் சொன்னதையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வாய் ஒன்றுதான், கதையும் ஒன்றுதான். எதிரில் கேட்கிறவர்கள் இருக்கும்போது அது ஒரு வடிவம், இல்லாதபோது இன்னொரு வடிவம். இதை ஒரு ஆய்வாளர் நாடா போட்டு நிறுவ வேண்டியிருந்தது. எங்கள் அம்மிச்சிக்கு அது பிறவியிலேயே தெரிந்திருந்தது.

ஓலப்பாளையத்தில் பழைய ஆட்கள் அதிகம் இல்லை. டீக்கடை பெஞ்சில் ஒரு பாட்டி மட்டும், "டேப்பு சுத்தறதப் பாக்கறதுக்கே எச்சா சனம் வந்துதுன்னு எங்க மாமியா சொல்லும்" என்றாள். அவள் வாழ்க்கைப்பட்டு வந்தது அதற்குப் பிறகாம். அவளிடம் கேட்டேன், கதை நிசமாக நடந்ததா என்று. என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வீரமலை இருக்குது. வளநாடு இருக்குது. வருசந்தவறாம வீரப்பூர்ல வேடபரி நடக்குது. அப்பறம் எப்படிங் நடக்காமப் போகும்?"

அரங்கத்தில் இந்தப் பதிலை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், கல்வெட்டு எங்கே என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வேண்டியதுதான். ஈரோட்டுக் கல்வெட்டறிஞர் செ. இராசு போன்றவர்கள் வெயிலில் ஊர் ஊராக நடந்து, கோயிலிலும் வீட்டுப் பரணிலும் கிடந்த பட்டயத்தையும் ஏட்டையும் வெளியே எடுத்திராவிட்டால் கொங்கு வரலாற்றில் பாதி இருட்டாகவே இருந்திருக்கும். அவர் 2023இல் மறைந்தார். ஆனாலும் பாட்டி சொன்னதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவளுக்குச் சான்று என்பது கதை நடந்த இடம், அங்கே நடக்கும் வேடபரித் திருவிழா. மலையைக் கைநீட்டிக் காட்ட முடிகிற வரைக்கும் அவள் கதைக்கு வேறு சாட்சி தேவையில்லை.

அன்று பிற்பகல் நான் தேடிவந்த பாட்டுக்காரரைச் சந்தித்தேன். கரூர் போகிற பாதையில், வெள்ளகோவிலுக்குக் கிழக்கே ஒரு ஊரில் அவர் பதினேழு ராத்திரியாகப் பாடிக்கொண்டிருந்தார். அன்று கடைசி ராத்திரி. ஊர்ப்பேரை எழுத வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். வேடிக்கை பார்க்க வெளியூர்க் கூட்டம் வந்துவிட்டால் சாமி காரியம் கெட்டுப்போகும் என்பது அவர்கள் கவலை. அதனால் பாட்டுக்காரரின் பேரையும் விட்டுவிடுகிறேன். கோயிலுக்குப் பின்னாலிருந்த வேப்ப மரத்தடியில் படுத்திருந்தவர், எழுந்து உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பகல் முழுக்கப் பேசக்கூடாது, தொண்டையைக் காப்பாற்ற வேண்டும். எனக்காகக் கொஞ்சம் பேசினார்.

எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் பாடுவீர்களா என்று கேட்டேன்.

"அதெப்படிங்? யாரு உக்காந்திருக்காங்கன்னு பாத்துத்தான் பாடோணும். வேட்டுவக் கவுண்டமாரு எச்சா இருக்கற ஊர்ல தலையூர்க் காளியச் சும்மா எதிராளின்னு பாடிப்போட்டு வந்துர முடியுமுங்களா? அவியளுக்கு அவரு வீரருங்க. அங்க போனா அவரு வீரத்துக்கு நாலு அடி கூடப் பாடுவேன். தட்டான் மரக்கால் வெச்சு ஏமாத்தற எடம் வரும். முன்னால ஆசாரிமாரு உக்காந்திருந்தாங்கன்னா கதைய மாத்த மாட்டனுங், ஆனா கொரல எறக்கிக்குவேன்."

"அது பொய் ஆகாதுங்களா?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. உடுக்கையை எடுத்துத் தோலைக் கட்டைவிரலால் நீவிவிட்டார். "நாளைக்குக் காலைல இவிய எல்லாரும் ஒரே கெணத்து மேட்டுல, ஒரே பால் சொசைட்டில பாத்துக்கோணுமுங்."

வரலாற்றைக் கேட்கிறவர்களுக்கு ஏற்பத் திருப்புவது தவறு என்று படித்து வளர்ந்தவன் நான். அரங்கத்தில் ஒரு பேச்சாளர் அப்படிச் செய்தால் எழுந்து நின்று கேட்பேன். ஆனால் பாட்டுக்காரர் செய்வது எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்வது. கதையை விட்டுக்கொடுக்காமல், கதையில் தோற்றவரின் வாரிசையும் பந்தலில் உட்காரவைப்பது. இந்தக் கதைக்குள் உழவரும் வேட்டுவரும் கைவினைஞரும் மோதிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களின் பேரப் பிள்ளைகள் ஒரே பந்தலில் உட்கார்ந்து அதைக் கேட்க முடிகிறது என்றால், பாட்டுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்ட பாடு அதற்குள் இருக்கிறது.

இதே கொங்கு மண்ணில் நடந்த மற்றொன்று அப்போது நினைவில் உறுத்தியது. எழுத்தாளர் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2010இல் வெளிவந்தது. நான்கு வருடம் கழித்து, 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரியில் அவர் எழுத்தையே விட்டுவிடுவதாக அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றது. அந்த எதிர்ப்பின்போது நாவலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுத்து ஊர் முழுக்கக் கொடுக்கப்பட்டன. கதையின் நடுவிலிருந்து நாலு பக்கம் கையில் கிடைத்தவன் கதை கேட்டவன் ஆகமாட்டான். பதினெட்டு ராத்திரி உட்கார்ந்தவனுக்குக் கதையோடு சண்டை போடவும் உரிமை உண்டு. அந்தச் சண்டையை இங்கே பாட்டுக்காரர் காது கொடுத்துக் கேட்கிறார்.

பொழுதோடு பந்தல் நிறைய ஆரம்பித்தது. பெண்கள் ஒருபக்கம் ஜமக்காளத்தில், ஆண்கள் ஒருபக்கம். டிராக்டர் டிரெய்லரில் கால் தொங்கப்போட்டு இளவட்டங்கள். பொடுசுகள் சாக்கு விரித்துப் பாட்டுக்காரரின் காலடியில். கட்டுச்சோற்றுத் தூக்குப்போசி, பனிக்குத் தலைத்துண்டு, ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து அன்றுதான் வந்த ஒரு அப்பாருக்குக் கயிற்றுக் கட்டில். திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடித்து நேராக வந்தவர்களின் சட்டையில் நூல் பஞ்சு ஒட்டியிருந்தது.

ஒன்பதரை மணிக்கு உடுக்கை விழித்தது. அப்படித்தான் சொல்கிறார்கள், விழித்தது என்று. பாட்டுக்காரர் ஒரு அடி பாட, பின்பாட்டுக்காரர் அதன் வாலைப் பிடித்து இழுத்துப் பாடுகிறார். பாட்டு நின்று வசனமாகும்போது, பின்பாட்டுக்காரர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஆமா" போடுகிறார். கூட்டத்தின் சார்பில் உம் கொட்டுவதற்கு நியமிக்கப்பட்ட ஆள் அவர். ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் அந்த வேலையைக் கூட்டமே எடுத்துக்கொண்டுவிட்டது.

கடைசி ராத்திரி என்றாலும் முதலில் பழைய கதையைச் சுருக்கமாக நினைவூட்டினார். அண்ணன்மாரின் தாய் தாமரை நாச்சி பிள்ளையில்லாமல் பிறந்த வீட்டு வாசலுக்குப் போய் அவமானப்பட்டுத் திரும்பும் இடம். பெண்கள் பக்கத்திலிருந்து "ச்சு" என்ற ஒலி, கதிர் அறுப்பதுபோல வரிசையாக. இரண்டு பக்கமும் சேரும் இடத்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இளம் தம்பதி, கோயிலில் பிள்ளை வரம் கேட்டு மஞ்சள் துணி முடிந்தவர்கள் என்று பக்கத்து அம்மா என் காதில் சொன்னாள். தாமரை தவம் முடித்து வரம் வாங்கும் அடி வந்தபோது அந்தப் பெண் சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்தாள். பாட்டுக்காரர் அதைப் பார்த்தார். அந்த அடியை இன்னும் இரண்டு முறை பாடினார்.

பிறகு கொம்பன் வந்தான். வேட்டுவர் வளர்த்த மலைபோன்ற பன்றி. சின்னஞ்சிறு நாய்க்குட்டி பொன்னாச்சி அவன்மேல் பாய்கிற இடத்தில் பொடுசுகள் சாக்கை விட்டு எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரு பெண் குழந்தை, ஏழு வயது இருக்கும், உடுக்கைச் சத்தத்துக்கும் மேலே "கடி, கடி" என்று கத்தியது. பாட்டுக்காரர் அந்தப் பிள்ளை பக்கம் திரும்பி அதற்காகவே பாடினார்.

சாம்புவனின் பேர் வந்தபோது இன்னொன்று நடந்தது. அண்ணன்மாரோடு கடைசிவரை நின்ற முரசுக்காரன் சாம்புவன். கோயில்களில் அவனுக்கும் சிலையுண்டு. பந்தலுக்கு வெளியே, விளக்கு வெளிச்சம் முடிகிற இடத்தில் மூன்று பேர் பறையோடு நின்றிருந்தார்கள். அதுவரைக்கும் அவர்கள் அடிக்கவில்லை. சாம்புவன் போருக்கு முரசறையும் அடி வந்ததும் மூன்று பறையும் ஒன்றாக எழுந்தன. உடுக்கை அவற்றின் பின்னால் போயிற்று. அந்த ஐந்து நிமிடம் கதையை நடத்தியது அவர்கள்தான். முடிந்ததும் அவர்கள் மறுபடியும் வெளிச்சத்துக்கு வெளியே போய் நின்றுகொண்டார்கள். பந்தலுக்குள் இடம் இருந்தது. அவர்களை உள்ளே வந்து உட்காரச் சொல்ல யாரும் எழவில்லை, நானும் எழவில்லை. கதைக்குள் சாம்புவன் அண்ணன்மாருக்குப் பக்கத்தில் விழுகிறான். பந்தலில் அந்தத் தூரம் இன்னும் குறையவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் பிறகு இதைக் கேட்டேன். "வழக்கமுங்" என்றார். அவர் கண் என்னைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கழித்து, "எம் பையன் இதையேதான் கேக்கறான்" என்றார்.

இரண்டு மணிக்கு மேல் யாரும் படுத்திருக்கவில்லை. வன்னி மரத்தடியில் சங்கர் தன் வாளின்மேல் விழப்போகிறார். உடுக்கையின் வேகம் எண்ண முடியாததாகிவிட்டது. பாட்டுக்காரரின் குரல் பாட்டாகவும் இல்லை, பேச்சாகவும் இல்லை. சங்கர் விழுந்த அடியில், ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் வெட்டிய வாழைபோலச் சாய்ந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். டிரெய்லரிலிருந்து ஒருவன். தயாராக நின்றிருந்த உறவுக்காரர்கள் தாங்கிப் பிடித்து, களத்தில் வரிசையாகக் கிடத்தினார்கள். ஏழு பேர். மேலே வெள்ளை வேட்டி போர்த்தினார்கள்.

இதற்குப் பேர் படுகளம். கேள்விப்பட்டிருந்தேன், படத்தில் பார்த்திருந்தேன். பத்தடி தூரத்தில் பார்ப்பது வேறு. பனியன் கம்பெனியில் வேலை செய்கிற, கைபேசியில் கிரிக்கெட் பார்க்கிற, பிற்பகலில் என்னிடம் பஸ் நேரம் சொன்ன பையன் அங்கே வெள்ளைத் துணிக்கடியில் கிடக்கிறான். அவன் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறாள். மகனுக்காகவா, சங்கருக்காகவா என்று பிரிக்க முடியாது. அவளுக்கும் பிரிக்க வேண்டிய அவசியம் இருந்ததாகத் தெரியவில்லை. பெண்கள் எல்லாரும் எழுந்துபோய்ச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தியின் ஒப்பாரியில் போன வருடம் கிணற்றில் விழுந்த தம்பியின் பேர் வந்தது. இன்னொருத்தியின் ஒப்பாரியில் பேர் எதுவும் இல்லை, நீண்ட குரல் மட்டும். வருடம் முழுக்க மனசில் போட்டு வைத்திருந்த வெசனத்தை எல்லாம் அந்தக் களத்தில் கொண்டுவந்து கொட்டினார்கள்.

அப்போதுதான் கவனித்தேன், உடுக்கைச் சத்தம் நின்றிருந்தது. பாட்டுக்காரர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அந்த ஒப்பாரியைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஊர் பாடியது, அவர் கேட்டார். நடுநடுவே அவர் தலை அசைந்தது. உம் கொட்டினாரா என்று எனக்குக் கேட்கவில்லை.

கோவை அரங்கத்துப் பெரியவர் அந்த நேரத்தில் என் நினைவில் வந்தார். அவர் வீட்டில் ஒரு நாள் அடுப்பு எரியாமல் இருந்ததும் படுகளம்தான். எழுபது வருடத்துக்கு மேலாக ஒரு வீடு சத்தமில்லாமல் கிடத்தி வைத்திருந்த ஒன்றை அந்தச் சனிக்கிழமைப் பேச்சு தொட்டுவிட்டது. கேள்வி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியும் அவர் எழுந்தார். அந்த மைக்கை அவரிடம் கொடுக்காமல் விட்டிருந்தால் அன்றைய கூட்டம் நடந்ததாகவே சொல்ல முடியாது. நகரத்தில் வரலாற்றுக் கூட்டம் நடத்துகிறவர்கள் கடைசி அரை மணி நேரத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். அந்த அரை மணி நேரத்துக்காகவே மற்ற நேரம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஐந்து மணி சுமாருக்குத் தங்காள் வந்தாள். தங்காளாக அருள் வந்த பெண்மணி தலையில் தீர்த்தக் குடம், கையில் பிரம்பு, கண்ணில் யாரையும் பார்க்காத பார்வையோடு அண்ணன்களைத் தேடிக்கொண்டு களத்தைச் சுற்றினாள். உடுக்கை மறுபடியும் எழுந்தது, இந்த முறை மெதுவாக. பாட்டுக்காரர் ஒவ்வொரு உடலுக்கும் பக்கத்தில் நின்று பாட, தீர்த்தம் தெளிக்கப்பட்டது. முதல் பையன் எழுந்தான். குளித்துக் கரையேறியவன் மாதிரி ஆளைப் பார்த்தான். இரண்டாவது, மூன்றாவது. கைபேசியில் யாரோ வெளிநாட்டிலிருக்கும் அண்ணனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சின்னத் திரையிலிருந்து, "எந்திரிச்சுட்டானா? எங்க தம்பி எந்திரிச்சுட்டானா?" என்று குரல் வந்துகொண்டே இருந்தது.

ஏழாவது பையன் எழவில்லை. பிற்பகலில் எனக்குப் பஸ் நேரம் சொன்ன பையன்தான். இரண்டு முறை தீர்த்தம் தெளித்தாயிற்று. பாட்டுக்காரரின் குரல் தேய்ந்து காற்றாகிவிட்டிருந்தது. அவர் பாட வாய் திறந்தார், ஒலி வரவில்லை. ஒரு கணம் களம் முழுக்க அமைதி. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவி அந்த அடியை எடுத்தாள். பதினேழு ராத்திரி கேட்டு மனப்பாடமானதா, ஐம்பது வருடமாகக் கேட்டதா தெரியாது. அடி பிசகாமல் பாடினாள். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். பின்பாட்டுக்காரர் அவர்களுக்கு ஆமா போட்டார். மூன்றாவது முறை தீர்த்தம் விழுந்தபோது வேட்டி அசைந்தது. பையன் எழுந்து உட்கார்ந்து, "தண்ணி" என்றான். அவன் அம்மா அவனை அடித்தாள், பிறகு கட்டிக்கொண்டாள்.

விடிந்துவிட்டது. பனி கொறங்காட்டு வேலிமேல் படர்ந்திருந்தது. சாக்குகளை உதறி மடித்தார்கள். பெரிய அண்டாவில் வரக்காப்பி கொதித்தது. பறைக்காரர் மூவருக்கும் காப்பியை எடுத்துக்கொண்டுபோனது அந்தப் பெரியவரின் மகன். அவனும் அவர்களோடு வேலியோரத்தில் உட்கார்ந்து குடித்தான்.

பாட்டுக்காரர் உடுக்கையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் குழந்தை வந்தது. ராத்திரி "கடி, கடி" என்று கத்தியது. கண்ணில் தூக்கம் அப்பியிருந்தது.

"பொன்னாச்சி எந்திரிச்சுதாங்?"

அவர் நிமிர்ந்தார். குரல் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. "அதுக்கு என்ன ஆச்சுன்னு எங்க வாத்தியாரு பாடுலீங், அம்முணி."

பிள்ளை நகரவில்லை. "எல்லாத்தையும் எழுப்புனீங்கல்ல. அத விட்டுப்போட்டீங்க."

அவர் கொஞ்ச நேரம் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுற்றிய துணியைப் பிரித்து உடுக்கையை வெளியே எடுத்தார். தீர்த்தக் குடத்தைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் ஒரு கை தண்ணீர் இருந்தது. களத்தின் ஓரத்தில், யாரும் படுத்திராத ஒரு இடத்தில் அதைத் தெளித்தார். உடுக்கையை இரண்டு தட்டுத் தட்டி, கேட்காத குரலில் என்னவோ பாடினார்.

"எந்திரிச்சுது, பாரு. ஓடுது."

பிள்ளை வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

"உம்" என்றது.